லெப்ட் அவுட்டை உட்கார வைத்திருக்க வேண்டும்

ஒன்பது வயசில் நான் சொன்னது இது. எழுபது தாண்டியும் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன், போன பங்குனி வரைக்கும். டீம் போடுகிறவர் யாராக இருந்தாலும் சரி, கால் சரியில்லாதவனை இறக்கக் கூடாது. அவன் எவ்வளவு பெரிய ஆட்டக்காரனாக இருக்கட்டும், உட்கார வைக்க வேண்டும்.

என் வயசு ஆட்கள் ரங்கூனில் இன்னும் கொஞ்சம் பேர் இருக்கிறீர்கள். உங்களுக்குத்தான் எழுதுகிறேன். சிறுசுகளுக்குத் தமிழில் சொன்னால் பாதி புரியாது. பர்மிய பாஷையில் சொல்லலாம் என்றால் பூக்குழிக்கும் காப்புக்கும் வார்த்தை எங்கே போவது? நான் கோயில் பள்ளிக்கூடத்தில் இரண்டாவது வரைக்கும் போனவள். எழுத்து கோணலாகத்தான் இருக்கும். ஆனால் பந்து விஷயத்தில் என் பேச்சு கோணல் என்று ஒருத்தரும் சொன்னதில்லை.

கரண்ட் இருக்கிற நேரத்தில் டிவியில் புட்பால் ஆட்டம் வந்தால் நான்தான் முன்னால் உட்காருவேன். இவனை ஏன் இறக்கினான், அவனை ஏன் எடுத்தான் என்று கத்துவேன். கரண்ட் போன பிறகும் கத்துவேன். மருமகள் சிரிப்பாள். சிரிக்கட்டும். டீம் போடுவதை நான் யாரிடம் பார்த்து வளர்ந்தேன் என்று அவளுக்குத் தெரியாது.

எங்கள் அப்பா ரயில்வேயில் பாயிண்ட்ஸ்மேன். தண்டவாளம் மாற்றிவிடுகிற வேலை. மிங்கலா தாங்ஞுன்டில் ரயில் ரோட்டை ஒட்டின லைன் வீடு எங்களுக்கு. சரக்கு வண்டி போனால் அடுப்பில் இருக்கிற சட்டி நடுங்கும். வேலை முடிந்து குளித்து லுங்கி மாற்றிக் கட்டினால் அப்புறம் அவர் பாயிண்ட்ஸ்மேன் இல்லை, எங்கள் லைன் டீமுக்கு மாஸ்டர். பெரிய ஆபீசில் இருக்கிறவர்கள்கூட அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். எனக்கு அதில் பெருமை. இன்றைக்கும் பெருமைதான்.

ஒரு பிஸ்கட் டப்பாவில் சோடா மூடிகள் வைத்திருந்தார். சாயந்திரம் சிமெண்டுத் தரையில் அவற்றைப் பரப்பி டீம் போடுவார். ஒவ்வொரு மூடியும் ஒரு ஆள். துருப்பிடித்தது கோலி. பல் நசுங்கினது சென்டர் ஹாப். ஆரஞ்சு மூடி ரைட் அவுட். பச்சை மூடி எங்கள் சின்ன மாமா, அம்மாவுடைய தம்பி, இடது ஓரத்தில் ஓடுகிற லெப்ட் அவுட். அந்தப் பச்சை மூடிக்குள் தக்கை அப்படியே இருந்தது. நகத்தால் சுரண்டினால் புளித்த சர்க்கரை வாசனை வரும். அப்பா பார்க்காத நேரத்தில் எடுத்து மோந்து பார்ப்பேன். அம்மா அரிசியில் கல் பொறுக்கச் சொல்லி என்னை அங்கே உட்கார வைத்தாள். நான் பொறுக்கினது அப்பாவின் டீமில் இருந்த கல்லை.

"அந்த ரைட் அவுட்டண்ணனைப் போடாதீங்கப்பா. பூட்ஸ் சத்தம் கேட்டாலே ஒதுங்குறாரு" என்பேன்.

"பாத்தியா, மாஸ்டருக்கு மேல ஒரு மாஸ்டர்" என்று அப்பா அம்மாவைப் பார்த்துச் சிரிப்பார். ஆனால் நான் சொன்ன மாதிரி ஒருநாளும் மாற்ற மாட்டார்.

எனக்கு எட்டு வயசில், ரங்கூனுக்கு வடக்கே இருக்கிற மிங்கலாடோன் டீமிடம் எங்கள் ஷீல்டு போய்விட்டது. இரண்டு ஓரத்து ஆட்களும் ஆளுக்கொரு கோலைத் தவறவிட்டார்கள். அப்பா அன்றைக்கே கோயிலுக்குப் போய், அடுத்த பங்குனியில் தன் லெப்ட் அவுட்டும் ரைட் அவுட்டும் பூக்குழி இறங்குவார்கள், ஆத்தா ஷீல்டைத் திருப்பித் தர வேண்டும் என்று வேண்டிக்கொண்டு வந்துவிட்டார். இறங்கப் போகிற கால்களை அவர் கேட்கவே இல்லை. மாமாவிடம் வந்து சொன்னார், அவ்வளவுதான். மாமா சரி மச்சான் என்றார். மாமா அப்பாவுக்கு எதற்குமே சரி மச்சான்தான்.

மாமாவுக்கு அப்போது பசுந்தாங்கில் பெண் பேசியிருந்தது. பெண்ணுடைய அப்பா எங்கள் கோயிலுக்கு டிரஸ்டி. அவர் பேசினால் எதிரில் நிற்கிறவர் தோளில் கிடக்கிற துண்டு தானாக இடுப்புக்கு வந்துவிடும். மாமா பூக்குழி இறங்கப் போகிறார் என்று கேட்டதும் அவருக்குச் சந்தோஷம். "இறங்கி ஏறி வாங்க மாப்ளே. மறுநாள் பந்தும் ஆடிக் காட்டுங்க. நானே ஆட்டத்துக்கு வர்றேன். முடிஞ்ச கையோட தேதி பேசிருவோம்" என்றார்.

ஆமாம், மறுநாள். ஆட்டத் தேதியை மிங்கலாடோன்காரர்கள் குறித்தார்கள், பூக்குழித் தேதியைக் கோயில் குறித்தது. இரண்டும் அடுத்தடுத்த நாளில் விழுந்தன. காப்பு இறக்க அதற்கப்புறமும் ஒரு நாள் இருந்தது. காப்புக் கட்டினவன் எல்லை தாண்டக் கூடாது, செருப்போ பூட்ஸோ போடக் கூடாது என்று அம்மா சொன்னாள்.

"வெறுங்காலோட ஆடட்டும், அவன் என்னைக்கு பூட்ஸ் போட்டான்? எல்லைன்னா எது எல்லை? ரயில் போற இடமெல்லாம் நம்ம எல்லைதான்" என்றார் அப்பா. எல்லாரும் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை.

அந்த வருசத்து வெயிலை நினைத்தால் இப்போதும் எனக்குத் தொண்டை காய்கிறது. தொட்டியில் தண்ணீர் அடிக்குப் போய் பாசி நாறியது. காக்கைகள் வாயைத் திறந்துகொண்டு தந்திக் கம்பியில் உட்கார்ந்திருக்கும், கத்தாது. தெருவில் ஒரு கடை திறந்தால் இரண்டு கடை பூட்டியிருக்கும். பட்டாள ஆட்சி வந்து, நம்ம ஆட்கள் ஒவ்வொருத்தராக இந்தியாவுக்குக் கப்பலேற மூட்டை கட்டத் தொடங்கின காலம் அது. பெரியவர்கள் தாழ்ந்த குரலில் பேசுவார்கள், பிள்ளைகள் கிட்டே போனால் நிறுத்திக்கொள்வார்கள்.

வருசா வருசம் பூக்குழிக்கு விறகு பசுந்தாங் ஓடைக்கரைக் கடையிலிருந்து வரும். அந்த வருசம் கடைக்குக் குறுக்கே பலகை வைத்து ஆணி அடித்திருந்தது. கடைக்காரர் ஊருக்குப் போகிறாராம். வேறு இடத்தில் கேட்டார்கள், கிடைக்கவில்லை. கோயிலில் எல்லாரும் கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது எங்கள் அப்பாதான் வழி சொன்னார். யார்டில் கழித்துப் போட்ட ரயில் கட்டைகள் கிடந்தன, தண்டவாளத்துக்கு அடியில் போடுகிற கட்டை. இரும்பு மாதிரி மரம். கேட்டு வாங்கி, டீம் ஆட்களை வைத்தே தள்ளுவண்டியில் கொண்டுவந்து இறக்கினார்.

அம்மா ஒரு கட்டையைத் தொட்டுவிட்டு விரலை மோந்து பார்த்தாள். "தாரும் எஞ்சின் எண்ணெயும் குடிச்ச கட்டைங்க இது. அடுப்புல வச்சாலே சட்டியில பிசின் மாதிரி ஒட்டும்."

"அடுப்பு வேற, ஆத்தா வேற" என்றார் அப்பா.

கோயில் வாசலில் அந்தக் கட்டைகள் அடுக்கிக் கிடந்ததை இன்றைக்கும் பார்க்கிற மாதிரி இருக்கிறது. வழக்கமாக விறகுக் குவியலில் நாய்கள் போய்ப் படுக்கும். அந்தக் கட்டைப் பக்கம் ஒரு நாயும் போகவில்லை. மத்தியானம் நெருப்பு வைத்ததும் புகை மேலே போகாமல் தெருவோடு படுத்தது. கறுப்புப் புகை. கொடியில் காய்ந்த துணியெல்லாம் புள்ளி புள்ளியாகக் கரி. டிரஸ்டி கையெடுத்துக் கும்பிட்டு, "ஆத்தா இந்த வருசம் உக்கிரமா வர்றா" என்றார். எல்லாரும் கும்பிட்டார்கள். நானும் கும்பிட்டேன். எனக்கு வாயெல்லாம் தார் கசந்தது.

மஞ்சள் வேட்டியும் வேப்பிலையுமாக வரிசை வந்தது. ரைட் அவுட்டண்ணன் முன்னால் இறங்கினார், தலையை நிமிர்த்தி நடந்தார். பின்னால் மாமா. நடுவில் ஒரு எட்டு வைத்தபோது மாமாவின் காலோடு நெருப்பும் சேர்ந்து எழுந்ததைப் பார்த்தேன். வெல்லப் பாகில் மிதித்துத் தூக்கின மாதிரி. மாமா உதறவில்லை. உதறினால் எல்லாருக்கும் தெரிந்துவிடும். குழி முடிகிற இடத்தில் பால் ஊற்றின பள்ளம். அதில் ஒரு மிதி மிதித்துவிட்டு ஏறிவிடுவது வழக்கம். மாமா ஏறவில்லை, நின்றுகொண்டே இருந்தார். பெண்கள் குலவை போட்டார்கள். பூசாரி கையைப் பிடித்து இழுத்த பிறகுதான் ஏறினார்.

அன்றைக்குச் சாயந்திரம் வீட்டுக்குப் பின்பக்கம் தண்ணீர்ப் பானைக்கு அருகே மாமா உட்கார்ந்திருந்தார். சும்மா போனவள் பார்த்துவிட்டேன். இடது பாதம் வெளுத்து வீங்கியிருந்தது. நடுவில் கறுப்பாகத் தார். காய்ச்சின பாலின் ஆடையைக் கரண்டியால் ஒதுக்கினால் எப்படிச் சுருளும், அப்படித் தோல் ஒரு பக்கமாகச் சுருண்டு கிடந்தது. வலது பாதமும் ஏறத்தாழ அப்படித்தான்.

"பாப்பா, அரைச்ச மஞ்சள் இருக்கும். எடுத்துட்டு வா."

"அம்மாவைக் கூப்பிடவா மாமா?"

"வேணாம், அக்கா அழும். மஞ்சளை எடுத்துட்டு வா போ."

கொண்டுவந்து கொடுத்தேன். அப்பினார். பூக்குழி இறங்கின கால் மஞ்சளாக இருந்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

"நாளைக்கு பூட்ஸ்காரன் மிதிச்சாலும் இனிமே தெரியாது பாப்பா. அது ஒண்ணு லாபம்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பில் பல் மட்டும்தான் இருந்தது.

உள்ளே அப்பா தரையில் மூடிகளைப் பரப்பியிருந்தார். மறுநாள் டீம். அந்தக் காலத்தில் ஆட்டத்தின் நடுவே ஆள் மாற்றுவதெல்லாம் கிடையாது, உங்களுக்கு நினைவிருக்கும். முதலில் போட்டால் போட்டதுதான். நான் போய் உட்கார்ந்தேன். பச்சை மூடியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"அதை ஏன் எடுத்த?"

"மாமாவைப் போடாதீங்கப்பா. உட்கார வைங்க. கால் சுட்டுப்போச்சு."

அப்பா சுற்றிலும் பார்த்தார். பிறகு என் வாயில் கையை வைத்தார். அடிக்கவில்லை, வைத்தார். கையில் எண்ணெய் வாசனை. "ஆத்தா சுடுவாளா? வாய் அழுகிப் போயிரும். யார்கிட்டயாவது சொன்ன?"

இல்லை என்று தலையாட்டினேன். அடுப்பங்கரையிலிருந்து அம்மா வந்து நின்றாள். "ஏங்க, அவனுக்கு முடியலைன்னா வேற ஆளை இறக்கக் கூடாதா?"

"நீயும் சேந்துக்கிட்டியா? நாளைக்கு டிரஸ்டி வந்து முன்னால உட்காருவாரு. அவனை உட்கார வச்சேன்னு வையி, ஏன் உட்கார வச்சீங்கன்னு கேப்பாரு. என்ன சொல்ல? பூக்குழி இறங்கினவன் கால் சுட்டுருச்சுன்னா, அவன் சுத்தமில்லாதவன்னு அர்த்தம். பொண்ணு குடுப்பாரா? உன் தம்பி இந்த லைன்ல தலைநிமிந்து நடப்பானா?"

அம்மா அடுப்பங்கரைக்குத் திரும்பினாள். அப்பா என் மடியிலிருந்து பச்சை மூடியை எடுத்து அதன் இடத்தில் வைத்தார். விரலால் அழுத்தி வைத்தார்.

மறுநாள் ரயிலில்தான் மிங்கலாடோன் போனோம். ஒரு பெட்டி முழுக்க லைன் ஆட்கள், பெண்கள், தூக்குச்சட்டி, கத்தல். மாமா வாசல் பக்கம் உட்கார்ந்து பாதத்தை வெளியே தொங்கவிட்டிருந்தார், காற்றுக்கு. ரைட் அவுட்டண்ணன் எதிர் வாசலில் அதே மாதிரி உட்கார்ந்திருந்தார். இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொள்ளவில்லை. கோபமாக்கும் என்று நினைத்தேன்.

மைதானம் செம்மண். செங்கல் சூளைக்குள் நிற்கிற மாதிரி சூடு. இனி ஆட்டத்தைப் பற்றிச் சொல்கிறேன், இதில் என்னை யாரும் மறுக்க முடியாது. எங்கள் கோலி நன்றாக ஆடினார். சென்டர் ஹாப் தன்னந்தனியாக இரண்டு பேர் வேலையைப் பார்த்தார். ரைட் அவுட் பாழ். கோட்டோரம் நட்டுவைத்த மாதிரி நின்றார். பந்து நாலு முழம் தள்ளிப் போனாலும் போக விட்டார்.

"ஓடுங்கண்ணே! நீங்க என்ன கைகாட்டி மரமா?" என்று கத்தினேன். ரயில்காரர்கள் கூட்டம் ஆயிற்றே, எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். டிரஸ்டிகூடச் சிரித்தார். அன்றையிலிருந்து இன்றைக்கு வரைக்கும் அவருக்குக் கைகாட்டி என்றே பேர் நின்றுவிடும் என்று எனக்குத் தெரியாது.

அந்தப் பக்கத்து ஓட்டத்தையும் சேர்த்து மாமா ஓடினார். பாதத்தை முழுசாக வைக்காமல் ஓரத்தால் ஓடினார். பார்த்தவர்கள் "என்ன ஸ்டைல்டா" என்றார்கள். அம்மா முந்தானையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தாள். ஆட்டம் முடியப் போகிற நேரம் சென்டர் ஹாப் தூக்கிக் கொடுத்த பந்தை மாமா இடது காலால் அடித்தார். ஈரத் துணியைக் கல்லில் அறைந்த மாதிரி ஒரு சத்தம். பந்து உள்ளே போனது. மாமா விழுந்தார். விழுந்தவர் எழுந்திருக்கவில்லை.

விசில் ஊதியதும் பேக் ஆட்கள் இரண்டு பேர் ஓடிப்போய் அவரைத் தோளில் தூக்கிவிட்டார்கள். "இறக்குங்கடா, டேய், இறக்குங்கடா" என்று மாமா கத்தினார். வெட்கப்படுகிறார் என்று நினைத்து இன்னும் மேலே தூக்கினார்கள். தூக்கிக்கொண்டு நேராக எங்கள் ஆட்கள் இருக்கிற இடத்துக்கு வந்தார்கள். டிரஸ்டி முன்னால் நிறுத்தினார்கள்.

நாங்கள் தரையில் உட்கார்ந்திருந்தோம். பாதம் இரண்டும் எங்கள் கண்ணுக்கு நேரே தொங்கின. மஞ்சளெல்லாம் வேர்வையில் எப்போதோ போயிருந்தது. செம்மண்ணும் ரத்தமும் சதையும் கலந்து, எது எது என்று தெரியாமல் இருந்தது. போட்ட குலவை பாதியில் நின்றது. பின்னால் இருந்தவர்களுக்குத் தெரியாது, அவர்கள் கைதட்டிக்கொண்டே இருந்தார்கள். அப்புறம் அதுவும் நின்றது.

டிரஸ்டி எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டார். "காப்புல சுத்தமில்ல" என்றார். நடந்து போய்விட்டார். திரும்பிப் பார்க்கவில்லை.

எல்லாருடைய கண்ணும் அப்பாவின் மேல் போனது. மாஸ்டர் என்ன சொல்லப் போகிறார் என்று பார்த்தார்கள். எனக்கும் நம்பிக்கை இருந்தது, அப்பா ஏதாவது சொல்லுவார் என்று. அப்பா மாமாவை நிமிர்ந்து பார்த்தார்.

"என்னடா பண்ணின?" என்று கேட்டார்.

மாமா தோளிலிருந்தபடியே, "ஒண்ணும் பண்ணல மச்சான்" என்றார். சரி மச்சான் என்று சொல்லாதது அந்த ஒரு தடவைதான்.

திரும்பி வருகிற வண்டியில் ஷீல்டு இருந்தது. பாட்டு இல்லை. மாமா உட்கார்ந்த பெஞ்சில் அம்மாவைத் தவிர ஒருத்தரும் உட்காரவில்லை. அம்மா அந்தப் பாதங்களை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். புடவை ஒட்டிக்கொண்டது.

அப்புறம் பேச்சு கிளம்பியது. காப்புக் கட்டியிருந்தபோது பசுந்தாங் சந்தையில் மாமா மொகிங்கா சாப்பிட்டதைக் கண்ணால் பார்த்தேன் என்று ஒருத்தர் சொன்னார். மீன் குழம்பு ஊற்றின மொகிங்கா. இன்னொருத்தர் இரண்டு கிண்ணம் என்றார். காப்போடு எல்லை தாண்டினான் என்று மற்றொருத்தர். கூடவே எல்லை தாண்டின ரைட் அவுட்டை அப்படி யாரும் சொல்லவில்லை. பெண் வேறு இடத்துக்குப் போயிற்று. மாமாவின் இடது கால் புண் ஆறவில்லை. பெரியாஸ்பத்திரியில் விரல்களை எடுத்தார்கள். அடுத்த வருசம் நம்ம ஆட்கள் கூட்டம் கூட்டமாகப் போனபோது அவரும் கப்பலேறினார். ஏணிப் பலகையில் யாரோ கை கொடுத்தார்கள். வேண்டாம் என்று தானே நொண்டி ஏறினார். அப்பா துறைமுகத்துக்கு வரவில்லை. டூட்டி என்றார். அங்கே போன கொஞ்ச காலத்தில் மாமா செத்துப்போனார் என்று தாக்கல் வந்தது.

அப்பா கண் மூடுகிற வரைக்கும், "அவன் என்னமோ தப்புப் பண்ணியிருக்கான். ஆத்தா சும்மா சுட மாட்டா" என்றுதான் சொன்னார். டப்பாவில் பச்சை மூடி இல்லை. யார் எடுத்தார்கள் என்று தெரியாது. நான் ரொம்ப வருசம் தேடினேன்.

நான் மாமா தப்புப் பண்ணினார் என்று ஒருநாளும் நம்பவில்லை. என் கட்சி வேறு. லெப்ட் அவுட்டை உட்கார வைத்திருக்க வேண்டும், ரைட் அவுட் ஒழுங்காக ஓடியிருக்க வேண்டும். இதை எங்கே வேண்டுமானாலும் சொல்லுவேன். கைகாட்டியைத் தெருவில் கண்டால் அவர் காது கேட்கவே சொல்லுவேன். அவர் குனிந்துகொண்டு போவார்.

போன பங்குனியில் கோயிலுக்குப் போயிருந்தேன். பூக்குழிக்கு விறகு அடுக்கியிருந்தார்கள். நல்ல காய்ந்த விறகு, இரண்டு நாய்கள் அதன் மேல் படுத்திருந்தன. குழாயடியில் கைகாட்டி உட்கார்ந்திருந்தார். எண்பது தாண்டிய கிழம். மகன் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போயிருக்கிறான்.

"என்ன கைகாட்டியண்ணே, இன்னும் அதே இடத்துலதான் நிக்கிறீங்களா?" என்றேன்.

"மாஸ்டர் மகளா? உடம்பு போயிருச்சு, வாய் மட்டும் அப்படியே இருக்கு உனக்கு."

"அன்னைக்கு நீங்க ஒரு பந்தாவது எடுத்துக் குடுத்திருந்தா எங்க மாமா அம்புட்டு ஓடியிருக்க வேண்டாம்."

வழக்கமாகக் குனிகிறவர் அன்றைக்குக் குனியவில்லை. என்னைப் பார்த்தார். பிறகு இரண்டு கையாலும் வலது காலைத் தூக்கி முழங்கால் மேல் வைத்து, பாதத்தை எனக்குக் காட்டினார். வழவழவென்று மெழுகு மாதிரி இருந்தது. ரேகையே இல்லை. நடுவில் ஒரு குழி.

"அன்னைக்கு இறங்குன அத்தனை பேருக்கும் சுட்டுச்சும்மா. ஒருத்தனும் இன்னொருத்தன்கிட்ட சொல்லல. அவனவன் வீட்டுல அவனவன் மஞ்சளை அப்பிக்கிட்டோம். ரயில்ல உங்க மாமன் முகத்தைப் பாக்க பயம் எனக்கு, பாத்தா கண்டுபிடிச்சிருவானேன்னு."

"அத்தனை பேருக்குமா?"

"தாருக் கட்டையில்ல? ஒட்டிக்கிச்சு. ஆத்தா என்ன பண்ணுவா, பாவம்." காலைக் கீழே இறக்கினார். "அவனைத் தூக்குனாங்க பாரு, நான் ஓரமா மண்ணைத் தோண்டிக் காலைப் பொதச்சுக்கிட்டு நின்னேன். என்னையும் தூக்கிருவாங்களோன்னு. எங்க வீட்டுலயும் எனக்குப் பொண்ணு பாத்திருந்தாங்க."

குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே மேளக்காரர்கள் வாரை இழுத்துக் கட்டித் தட்டிப் பார்த்தார்கள்.

"நீ பந்து தெரிஞ்சவ" என்றார் அவர். "இப்பச் சொல்லு. யாரை உட்கார வச்சிருக்கணும்? அவனையா, என்னையா?"

எங்கள் அப்பாவை நான் யாரிடமும் விட்டுக்கொடுத்துப் பேசினதில்லை. அது உங்களுக்கெல்லாம் தெரியும். அந்த விறகைத் திரும்பிப் பார்த்தேன்.

"டீம் போட்டவரை" என்றேன்.